சுவாஹிலிச் சொற்பெட்டியில் முதலில் கடிகாரம் வரட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். கென்யா, தான்சானியா பயணக் கட்டுரைகளோடு சுவாஹிலிச் சொற்கள் என்று ஒரு பெட்டி போடுகிறார்கள். 'ஜாம்போ' (வணக்கம்), 'ஹக்கூனா மட்டாட்டா' (கவலை இல்லை), 'அஸான்டே' – பெரும்பாலும் அத்தோடு சரி. இவற்றில் அன்றாடம் உதவுவது நன்றி சொல்லும் 'அஸான்டே' ஒன்றுதான். மற்ற இரண்டும் அங்குள்ளவர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பவை. அடுத்த முறை பெட்டி போடும்போது முதலில் நேரம் சொல்லும் முறையைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பேருந்தைத் தவறவிட வைப்பது அதுதான்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகள் என்பதால் அங்கே பகலும் இரவும் ஆண்டு முழுக்க ஏறத்தாழச் சமம். சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது, நம் பஞ்சாங்கத்தின் உதயாதி நாழிகை மாதிரி. பொழுது சாய்ந்ததும் இரவுக்கு மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். காலை 7 மணி 'ஸா மோஜா அஸுபூஹி', அதாவது காலையின் முதல் மணி. நண்பகல் 12 'ஸா ஸீட்டா ம்ச்சானா', ஆறாம் மணி. இரவு 8 'ஸா ம்பிலி உஸீக்கு', இரண்டாம் மணி. முள் கடிகாரம் இருந்தால் கணக்கே வேண்டாம்: சின்ன முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படித்தால் போதும். அரை மணிக்கு 'நா நூஸு', கால் மணிக்கு 'நா ரோபோ' சேர்க்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது? 'ஸா ம்பிலி உஸீக்கு' என்று கேட்டவர் 'இரவு இரண்டு மணி' என்று குறித்துக்கொள்கிறார். வண்டி எட்டு மணிக்கே போய்விடுகிறது. ஓட்டுநர் ஆங்கிலத்தில் பேசினாலும் மனதுக்குள் சுவாஹிலிக் கணக்கை வைத்துக்கொண்டு 'டூ ஓ கிளாக்' என்பது உண்டு. எந்த மொழியில் பேசினாலும் கைபேசியில் நேரத்தைத் தட்டிக் காட்டி உறுதி செய்துகொள்வதே பாதுகாப்பு. விமான நேரங்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை.

எண்கள் ஒன்று முதல் பத்து: மோஜா, ம்பிலி, டாட்டு, ந்னே, டானோ, ஸீட்டா, ஸாபா, நானே, டீஸா, கூமி. நேரத்துக்கு இவையே போதும். 11 என்றால் 'கூமி நா மோஜா'. ஆனால் தான்சானியாவில் விலைகள் ஆயிரக்கணக்கான ஷில்லிங்கில் ஓடும். அதனால் 'மீயா' (நூறு), 'எல்ஃபு' (ஆயிரம்) இரண்டும் கட்டாயம். எல்ஃபு முன்னால் வரும்: ஐயாயிரம் 'எல்ஃபு டானோ'. லட்சத்துக்கு 'லாக்கி', நம் பக்கத்திலிருந்து போன சொல்தான்.

கடையில் நுழைந்ததும் 'பேய் கானி?' (என்ன விலை?) என்று ஆரம்பிப்பது அங்கே மரியாதைக் குறைவு. முதலில் 'ஹபாரி?' என்று நலம் கேட்க வேண்டும். அவர் கேட்டால் 'ன்ஸூரி' (நலம்) என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் விலை. வயதில் மூத்தவருக்கு 'ஷிக்கமோ' என்று மரியாதையாக வணக்கம் சொன்னால் அவர் 'மரஹாபா' என்பார். தான்சானியாவில் இந்த ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பு தனி. அண்ணன் முறையில் அழைக்க 'காக்கா'. காயல்பட்டினத்துக்காரர்களுக்கு இது பழகிய சொல்.

எதையும் கேட்கும்போது 'நட்டாக்கா' (எனக்கு வேணும்) என்பதை விட 'நாஓம்பா' (கேட்டுக்கொள்கிறேன்) நல்லது: 'நாஓம்பா மாஜி' என்றால் தண்ணீர் வரும். சைவ உணவுக்காரர்கள் 'ஸீலி ஞாமா' (இறைச்சி சாப்பிடுவதில்லை) என்பதோடு நிறுத்தினால் கோழியோ மீனோ தட்டில் வரக்கூடும். 'ஸீலி கூக்கு, ஸீலி ஸமாக்கி' என்று கோழியையும் மீனையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். 'வாலி நா மஹராகே' கேட்டால் சோறும் பீன்ஸும் கிடைக்கும். குழம்பில் இறைச்சிச்சாறு கலந்திருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

அச்சில் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. 'அப்பா'வுக்கான சொல்லையும் 'சுறா'வுக்கான சொல்லையும் தமிழில் 'பாபா' என்றே எழுத முடியும். அப்பாவுக்கு 'கம்பு' என்பதில் உள்ள ப, சுறாவுக்கு 'படம்' என்பதில் உள்ள ப. இப்படி எடுத்துக்காட்டோடு ஒலியைக் குறிக்காவிட்டால் படிப்பவர் தடுமாறுவார். அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். அந்த அசையை நெடிலாக அச்சிட்டால் பாதி வேலை முடிந்தது: 'கரீபு' (வாருங்கள்), 'ஸமஹானி' (மன்னிக்கவும்). 'ம்பிலி'யை 'இம்பிலி' ஆக்கக் கூடாது. உதட்டை மூடி ம் என்று தொடங்கினால் தானே வரும். ஞ, ங இரண்டும் நமக்குக் கைவந்தவை. மாட்டுக்கான 'ஙோம்பே'யைப் பல வெளிநாட்டவர் திணறித்தான் சொல்வார்கள். தமிழர் 'அங்ஙனம்' சொல்லும் நாக்கால் எளிதாகச் சொல்லிவிடலாம்.

இடம் மிச்சமிருந்தால் பெட்டியின் கடைசி வரியில் 'ஷூஷா!' போடுங்கள். தான்சானியாவின் தார் எஸ் ஸலாம் நகரில் ஓடும் டாலாடாலா சிற்றுந்தில் இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கும்போது நடத்துநரிடம் சொல்ல வேண்டியது அது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை