கேமில் பார்க்க முடியாததைப் படத்தில் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீடியோ கேமை வைத்து எடுத்த படம் ஒன்று சரியில்லாமல் போனால், உங்கள் சினிமா பக்க விமர்சனத்தில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: கேமில் கதை என்று ஒன்று இருந்தால்தானே படம் நன்றாக வரும். எழுதுபவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வரி தப்பு, அதுவும் விஷயத்தின் ஆணிவேரிலேயே தப்பு. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும்.

கதை இல்லாத கேம்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு பிளம்பர் வலது பக்கமாக ஓடுகிறார், குதிக்கிறார், கடைசியில் இளவரசியை மீட்கிறார். 1993-ல் அதைப் படமாக்கியவர்கள் இந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பயந்துபோய், டைனோசர்களிலிருந்து பரிணாமம் அடைந்த ஆட்கள் வாழும் இருண்ட நகரம் ஒன்றைக் கற்பனை செய்து, பாப் ஹாஸ்கின்ஸ் போன்ற அருமையான நடிகரை அதற்குள் இறக்கிவிட்டார்கள். கேமில் இருந்த நிறமும் துள்ளலும் எங்கே போயின என்றே தெரியவில்லை. தான் செய்ததிலேயே மோசமான வேலை அதுதான் என்று ஹாஸ்கின்ஸே பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். சரி, அது கதை இல்லாத கேம். அசாஸின்ஸ் கிரீடில் நூற்றாண்டுகளைத் தாண்டி ஓடுகிற கதை இருக்கிறதே, வார்கிராஃப்டில் ஒரு முழு உலகத்தின் வரலாறே இருக்கிறதே, இரண்டும் 2016-ல் பெரிய செலவில் படமாக வந்தனவே, அவை ஏன் மனதில் நிற்கவில்லை?

நீளம்தான் பிரச்சினை, நாற்பது மணி நேர கேமை இரண்டு மணி நேரத்தில் எப்படி அடக்குவது என்று சிலர் கேட்கிறார்கள். ஆயிரம் பக்க நாவல்களை அடக்கி நல்ல படம் எடுத்திருக்கிறார்கள், அதனால் அதுவும் முழுப் பதில் ஆகாது. இன்னும் சிலர், கேமைச் செய்தவர்களிடமே படத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. ஃபைனல் ஃபேன்டஸியை உருவாக்கிய ஹிரொனொபு சகாகுச்சி 2001-ல் தானே இயக்கி ஒரு அனிமேஷன் படம் எடுத்தார், செலவு 13 கோடி டாலருக்கு மேல், வசூல் அதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தாண்டவில்லை. தலைமுடியை ஒவ்வொன்றாக வரைந்த படம் அது, உழைப்பைக் குறை சொல்லவே முடியாது. எடுக்கத் தெரியாதவர்கள் எடுத்துக் கெட்டுப்போன படங்களும் உண்டு, ஊவே போலின் ஹவுஸ் ஆஃப் த டெட் போல. அவற்றைப் பற்றிப் பேசுவது வீண், அவர்கள் எதை எடுத்திருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். கேமில் கதை நடப்பது திரையில் மட்டும் இல்லை, விளையாடுகிறவரின் கையிலும் நடக்கிறது. அந்தக் கையை எடுத்துவிட்டு மீதியை மட்டும் படம் பிடித்தால், மிஞ்சுவது எப்போதும் பாதிதான்.

ஷேடோ ஆஃப் த கொலோசஸ் என்று 2005-ல் ஒரு கேம் வந்தது, ஃபுமிட்டோ உயேடா இயக்கியது. இறந்துபோன ஒரு பெண்ணை ஒரு இளைஞன் குதிரையில் கோயிலுக்குக் கொண்டுவருகிறான். பதினாறு ராட்சத உருவங்களைக் கொன்றால் அவளை உயிர்ப்பிக்கலாம் என்று அங்கே ஒரு குரல் சொல்கிறது. அவ்வளவுதான் கதை, ஒரு தாளில் எழுதிவிடலாம். வழியில் ஊர் கிடையாது, ஆள் கிடையாது, சில்லறை எதிரிகள்கூட இல்லை, பரந்த வெறும் நிலம். முதல் ராட்சதனை வீழ்த்தும்போது பெருமையாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் அது சரியும்போது ஒலிப்பது துக்கமான இசை. போகப் போக அந்த இளைஞனின் முகம் கறுத்து வாடுகிறது. பதின்மூன்றாவது உருவம் வானத்தில் பறப்பது, அது நம்மை ஒரு தடவைகூடத் தாக்குவதில்லை, அது பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கிறது, நாம்தான் அம்பு விட்டுக் கீழே இறக்கி, மேலே ஏறிக் குத்துகிறோம். நான் செய்வது தவறு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஆனாலும் பட்டனை அழுத்தினேன், ஏனென்றால் முடிவைப் பார்க்க வேண்டும். அந்த இளைஞனின் பிடிவாதமும் என் ஆசையும் ஒன்றாகிவிட்ட அந்த நேரத்தில்தான் இந்த கேமின் முழுக் கதையும் இருக்கிறது. இதைப் படமாக்கப் போவதாக நீண்ட காலமாகப் பேச்சு இருக்கிறது, இன்னும் வந்தபாடில்லை, எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. படத்தில் அந்த இளைஞன் கொல்வான், நாம் பாவம் என்போம். கொன்றவர் நாமாக இருக்க மாட்டோம்.

த லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் (2013) கடைசியிலும் இதே விஷயம்தான். விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன். எல்லி என்ற சிறுமியை அறுவை செய்தால் கொள்ளைநோய்க்கு மருந்து கிடைக்கலாம், ஆனால் அவள் பிழைக்க மாட்டாள். நாம் கேமில் இயக்கும் ஜோயல் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறான். அறுவை அறையில் டாக்டர் குறுக்கே நிற்கிறார். கேம் அங்கே காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், ஆனால் அந்த டாக்டரைக் கொல்லாமல் அங்கிருந்து நகர வழி இல்லை. 2023-ல் வந்த தொடரிலும் இதே காட்சி இருக்கிறது, பெட்ரோ பாஸ்கல் பிரமாதமாக நடித்திருக்கிறார், எடுத்த விதமும் நன்றாக இருக்கிறது. ஆனால் தொடரைப் பார்க்கும்போது ஜோயல் செய்தது சரியா என்று நான் தீர்ப்புச் சொல்கிறேன். கேமில் கூண்டில் நின்றது நான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அடுத்தவர் கேம் விளையாடுவதை யூடியூபில் மணிக்கணக்காகப் பார்க்கிறார்களே, அவர்கள் கையில் மட்டும் கன்ட்ரோலரா இருக்கிறது? நானும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அவர்கள் பார்ப்பது கேமின் கதையை மட்டும் இல்லை, அந்தக் கணத்தில் முடிவெடுக்கிற ஒரு நிஜ ஆளைப் பார்க்கிறார்கள், அவர் நிஜமாகவே தோற்கலாம், பத்து தடவை விழுந்து பதினோராவது தடவை தாண்டலாம், தாண்டாமலும் போகலாம், அது அவருக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. பட நாயகனுக்கு அந்த ஆபத்து இல்லை. அவன் தாண்டுவான் என்று திரைக்கதையில் எழுதியாயிற்று. டூம் படத்தில் (2005) இது பளிச்சென்று தெரியும். துப்பாக்கியின் பின்னாலிருந்து பார்ப்பது போல, கேமில் இருக்கிற அதே கோணத்தில், சில நிமிடங்களுக்கு ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். கண் கேமின் கண்தான். ஆனால் சுடுவது நான் இல்லை, சாகப்போவதும் நான் இல்லை. பார்க்கப் பார்க்க, பக்கத்தில் இருக்கிறவன் விளையாடிக்கொண்டே இருக்கிறான், நமக்குத் தரவே மாட்டேன் என்கிறான் என்ற எரிச்சல்தான் வருகிறது.

தோல்வியைப் பற்றி இன்னும் ஒன்று. கேம் விளையாடுகிறவர்களின் நினைவில் இருக்கும் கதையில் பெரும்பகுதி தோற்ற கதைதான். அந்தப் பெரிய எதிரியிடம் திரும்பத் திரும்பச் செத்தது, அவன் எப்போது கையை ஓங்குவான் என்று கற்றுக்கொண்டது, கடைசியில் கை நடுங்க ஜெயித்தது. படத்தில் இதையெல்லாம் வெட்டிவிட்டு ஜெயித்த ஒரே ஒரு தடவையை மட்டும் காட்டுகிறார்கள், அதனால் அந்த வெற்றி காசு கொடுக்காமல் வாங்கிய பொருள் போல இருக்கிறது. இந்த உணர்வைச் சரியாகப் பிடித்த படம் என்று நான் சொல்வது எட்ஜ் ஆஃப் டுமாரோ (2014). டாம் குரூஸ் சாகிறார், அதே நாள் மறுபடி தொடங்குகிறது, மறுபடி சாகிறார், ஒவ்வொரு தடவையும் இன்னும் இரண்டடி முன்னால் போகிறார். அது எந்த கேமிலிருந்தும் எடுத்த படம் இல்லை, ஒரு ஜப்பானிய நாவலிலிருந்து வந்தது. கேமைப் படமாக்கியவர்களைவிட, கேம் ஆடுவது எப்படி இருக்கும் என்று அந்தப் படத்துக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நாயகன் விஷயமும் அப்படித்தான். ஹாஃப் லைஃபின் கார்டன் ஃப்ரீமேன் வாயே திறப்பதில்லை, டூமின் வீரனுக்குப் பெயரே இல்லை, ஹேலோவின் மாஸ்டர் சீஃப் ஹெல்மெட்டைக் கழற்றி முகம் காட்டுவதில்லை. எழுதத் தெரியாமல் இப்படி விடவில்லை. நாம் போய் உட்காருவதற்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். 2022-ல் வந்த ஹேலோ தொடரில் முதல் எபிசோடிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள், ரசிகர்கள் கொந்தளித்தார்கள். நடிகரின் முகம் தெரியாமல் தொடரை நடத்துவது கஷ்டம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ரசிகர்கள் சின்ன விஷயத்துக்குக் குதிக்கிறார்கள் என்று எழுதியவர்களுக்கு, அங்கே உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டுத்தான் ஒரு முகத்தை உட்கார வைத்தார்கள் என்பது புரியவில்லை.

அப்புறம் அன்சார்டட். அந்த கேம் சாகசப் படங்களைப் பார்த்துப் பார்த்து உருவானது. மூன்றாவது பாகத்தில் (2011) பறக்கும் சரக்கு விமானத்திலிருந்து பெட்டிகளைப் பிடித்துத் தொங்கும் இடம் வரும், கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் விரல் வலிக்கும். 2022 படத்தில் டாம் ஹாலண்ட் அதே போலத் தொங்குகிறார். அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். படத்திலிருந்து கேமுக்குப் போனபோது அந்தச் சாகசத்தோடு கை சேர்ந்தது, கேமிலிருந்து திரும்பப் படத்துக்கு வந்தபோது அதைக் கழற்றிவிட்டார்கள்.

அப்படியானால் நன்றாக வந்தவை எப்படி வந்தன? இதைத்தான் உங்கள் விமர்சகர்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். த லாஸ்ட் ஆஃப் அஸ் தொடரில் எல்லோரும் கொண்டாடியது மூன்றாவது எபிசோட், பில், ஃப்ராங்க் என்ற இருவரின் காதல் கதை. கேமில் பில் கசந்துபோன தனி ஆள். ஃப்ராங்கை நாம் பிணமாகத்தான் பார்க்கிறோம், அவன் எழுதிவைத்த, பில்லை வெறுப்பதாகச் சொல்லும் ஒரு கடிதத்தோடு. ஏன் அவ்வளவுதான் தெரிகிறது? நாம் ஜோயலாக இருக்கிறோம், ஜோயல் போன இடத்துக்குத்தான் நாமும் போக முடியும். அவர்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க நமக்கு வழியே இல்லை. தொடர் அந்த வீட்டுக்குள் போனது. கசப்பை எடுத்துவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து வயதாகிற கதையாகவே மாற்றியது. கேமை எழுதிய நீல் டிரக்மேன், கிரெய்க் மேஸினோடு சேர்ந்து உருவாக்கிய தொடர் இது, தன் கேமை மாற்ற அவரும் சம்மதித்திருக்கிறார் என்பதை நான் மதிக்கிறேன்.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேமை வைத்து எடுத்த ஆர்கேன் தொடரும் (2021) அப்படித்தான். அது ஐந்து பேர் ஐந்து பேராக மோதுகிற கேம், மோதும்போது யாரும் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. தொடர் வை, ஜின்க்ஸ் என்ற இரண்டு அக்கா தங்கையை எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படி எதிரெதிராக நின்றார்கள் என்று சொன்னது, எம்மி விருதும் வாங்கியது. ஃபால்அவுட் தொடர் (2024) 1997-லிருந்து வரும் கேம்களின் உலகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நாம் விளையாடிய யாரையும் தொடாமல், லூசி, மேக்ஸிமஸ், கூல் என்று புது ஆட்களை இறக்கியது. மூன்றிலும் ஒரே காரியம் நடந்திருக்கிறது: விளையாடுகிறவர் நடந்த பாதையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, அந்தப் பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறார்கள். நம் கையில் இருந்ததைப் பிடுங்கவில்லை என்பதால் நமக்கும் இழப்பாகத் தெரியவில்லை.

இப்போது எனக்கு உள்ள கவலை வேறு. 1993-ல் கேமைப் பார்த்து வெட்கப்பட்டார்கள், இப்போது கும்பிடுகிறார்கள். 2019-ல் சோனிக் படத்தின் டிரெய்லரில் கேம் நாயகன் சோனிக்கின் உருவத்தைப் பார்த்து ரசிகர்கள் சத்தம் போட்டதும், ரிலீஸையே தள்ளிவைத்து மாற்றி வரைந்து 2020-ல் வெளியிட்டார்கள். அது நல்ல முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம், கேமில் இருப்பதை அச்சு மாறாமல் காட்டினால் போதும் என்பது. 2023 மாரியோ படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, 2025-ல் மைன்கிராஃப்ட் படம் 90 கோடி டாலரைத் தாண்டியது. மாரியோ கேமில் வரும் அந்தக் காளானைப் பார்த்ததும், அந்த இசையைக் கேட்டதும் வருகிற சந்தோஷம் எனக்கும் வந்தது. ஆனால் தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்த்தால்கூட அந்தச் சந்தோஷம் வரும். வசூலைப் பார்த்து, கேம் படங்கள் ஒருவழியாகச் சரியாகிவிட்டன என்று எழுதுகிறார்கள், உங்கள் பக்கத்திலும் அப்படி வந்தது. விற்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது வேண்டுமானால் உண்மை.

என் வேண்டுகோள் இரண்டு. கேம் படங்களை விமர்சிக்க, அந்த கேமை விளையாடிய ஒருவரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், படத்தில் எது மாறியது என்பதைவிட எது கழன்று போனது என்று அவரால்தான் சொல்ல முடியும். இன்னொன்று, கேம்களுக்கே உங்கள் நாளிதழில் விமர்சனம் வர வேண்டும், படமாக வரும்வரை காத்திருக்காமல். ஷேடோ ஆஃப் த கொலோசஸைப் பற்றி வாரப் பக்கத்தில் ஒரு முழுக் கட்டுரைக்கு விஷயம் இருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே எழுதித் தரத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்