டட்சன் 240 இசட்டுக்கு உண்மையான இணை எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த, நிஸான் நிறுவனம் டட்சன் என்ற முத்திரையில் 1969-இல் அறிமுகப்படுத்திய 240 இசட் காரையும் இன்றைய நிஸான் இசட் காரையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நீண்ட பானெட்டும் சரிந்திறங்கும் கூரையும் இரண்டே கதவுகளும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கூபே கார்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. அதற்காகக் கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் குதிரைத்திறன், உச்ச வேகம், கியர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்று கட்டங்களை மட்டும் நிரப்பிவிட்டு, 'எல்லாவற்றிலும் புதியதே மேல்' என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த அட்டவணையில் எடை இல்லை, விலையும் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பழைய காருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டிய வண்டியே வேறு என்பது தெரியவரும்.

முதலில் ஒரு சிறு திருத்தம். பழைய காருக்குக் கட்டுரை தந்திருக்கும் 151 குதிரைத்திறன் என்பது, அக்கால அமெரிக்க வழக்கப்படி, இன்ஜினைக் காரிலிருந்து தனியே எடுத்துச் சோதனை மேடையில் ஏற்றி, துணைப் பாகங்கள் பலவற்றைக் கழற்றிவிட்டு அளந்த மொத்தத் திறன். 1972 முதல் அமெரிக்க நிறுவனங்கள் அம்முறையைக் கைவிட்டு, காரில் பொருத்தப்பட்ட நிலையில் கிடைக்கும் நிகரத் திறனைக் கணக்கிடத் தொடங்கின. அந்தக் கணக்கில் 240 இசட்டின் திறன் 130 அளவில்தான் நிற்கும். ஆகவே புதிய காரின் 400 குதிரைத்திறனோடு 151-ஐ ஒப்பிடுவது இரு வேறு படிகளால் அளந்ததை ஒரே வரிசையில் எழுதுவதாகும். இந்தத் திருத்தம் பழைய காருக்குப் பாதகமானது என்பதை அறிந்தே சொல்கிறேன். கணக்கு என்றால் யாருக்குச் சாதகம் என்று பார்க்கக் கூடாது.

இனி எடைக்கு வருகிறேன். 240 இசட்டின் எடை ஏறத்தாழ 1,050 கிலோ. இன்றைய நிஸான் இசட்டின் எடை 1,600 கிலோவை ஒட்டி வருகிறது. பழைய காரில் ஓட்டுநரோடு பத்து சிமென்ட் மூட்டைகளையும் ஏற்றினாலும் புதிய கார் வெறுமையாக நிற்கும்போதுள்ள எடையைத்தான் தொட முடியும். இந்த எடை ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததன்று. உடற்கூடு கனத்தால் அதை நிறுத்தப் பெரிய பிரேக் டிஸ்க் வேண்டும். பெரிய டிஸ்க்கை உள்ளடக்கப் பெரிய சக்கரம் வேண்டும். பெரிய சக்கரத்தைத் தாங்க வலுவான சஸ்பென்ஷன் வேண்டும். அகன்ற டயரைத் திருப்பப் பவர் ஸ்டீயரிங் வேண்டும். இவையனைத்தையும் இழுக்க இரண்டு டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் ஏற்றும் கருவி) பூட்டிய மூன்று லிட்டர் வி6 இன்ஜின் வேண்டும். அந்த இன்ஜினைக் குளிர்விக்கக் கூடுதல் ரேடியேட்டர்கள் வேண்டும். 240 இசட் 175 மில்லிமீட்டர் அகலமுள்ள 14 அங்குல டயரில் ஓடியது. புதியதன் அடிப்படை வகைக்கே 245 மில்லிமீட்டர் அகலமுள்ள 18 அங்குல டயர். நேர்ச்சாலையில் குதிரைத்திறன் இந்தக் கனத்தை மறைத்துவிடும் என்பது உண்மை. வளைவில் பிரேக்கை அழுத்தும்போதும், டயரும் பிரேக் பேடும் தேய்ந்து மாற்றும்போதும் அது மறைவதில்லை.

விலையைப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். 240 இசட் அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பணம் கொடுக்க இயலாத ஆசிரியரும் அலுவலக ஊழியரும் வாங்கக்கூடிய விலையில், ஆறு சிலிண்டர் இன்ஜினும் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷனும் தந்ததுதான் அந்தக் காரின் பெருமை. அமெரிக்க விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டால் அத்தொகை 2022-இல் ஏறத்தாழ 27,000 டாலருக்குச் சமம். புதிய நிஸான் இசட்டின் தொடக்க விலையோ, 2022-இல் விற்பனைக்கு வந்தபோதே 39,990 டாலர். மாறாக, அதே காலத்தில் வந்த டொயோட்டா ஜிஆர் 86 காரின் தொடக்க விலை 28,000 டாலருக்குச் சற்றுக் கீழே இருந்தது. அதன் இன்ஜின் 2,387 சி.சி.; 240 இசட்டின் இன்ஜின் 2,393 சி.சி. இரண்டிலும் டர்போ கிடையாது. ஜிஆர் 86-இன் எடை 1,270 கிலோ அளவில் இருக்கிறது. 228 குதிரைத்திறன் தருகிறது. கையால் மாற்றும் கியர் உண்டு. நிறுவனமும் முத்திரையும் வேறு என்ற ஒரே காரணத்தால் இதை ஒதுக்கிவிட்டு, பெயரில் ஓர் எழுத்து ஒத்திருக்கிறது என்பதற்காக நிஸான் இசட்டை வாரிசாக்குவது நியாயமாகப் படவில்லை. பெயரை மட்டும் பார்ப்பதென்றால், 2014 முதல் 2022 வரை நம் ஒரகடம் ஆலையிலிருந்து வெளிவந்த டட்சன் கோ என்ற சின்னக் காரையும் அந்தப் பரம்பரையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இளமையில் மஸ்கட்டில் ஒரு கார்ப் பட்டறையிலும், பின்னர் மதுரையில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு மோட்டார் மெக்கானிக் பாடம் சொல்லிக்கொடுத்தும் காலம் கழித்தவன் என்ற முறையில், கட்டுரை தொடாத மற்றொன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். 240 இசட்டில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் ஹிட்டாச்சி கார்புரேட்டர்கள் இரண்டு பக்கவாட்டில் உண்டு. பழைய பிரிட்டிஷ் கார்களின் எஸ்.யு. கார்புரேட்டர் வேலை செய்யும் அதே முறையில் செய்தவை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் ஆறு சிலிண்டரும் ஒன்றுபோல ஓடும். அதைச் சரிபார்க்க ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, காற்று சீறும் ஒலியைக் கேட்போம். அடுத்ததிலும் அவ்வாறே கேட்டு, இரண்டு சீறலும் ஒத்துவரும் வரை திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புவோம். கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால், அது தடையின்றி இறங்கி 'டக்' என்று அடியில் அமர வேண்டும். ஒலி வராமல் நடுவில் சிக்கினால் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், தூக்கும்போதே எதிர்ப்பின்றி எழுந்தால் மேலேயுள்ள குழலில் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று பொருள். கருவி என்று சொல்ல ஒரு ஸ்க்ரூடிரைவரும் அந்த ரப்பர் குழாயும் போதும். இன்றைய கார்களில் இந்த வேலையை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி நொடிக்குப் பல முறை தானே செய்துகொள்கிறது; மலையேறினாலும் இறங்கினாலும் கலவை பிசகுவதில்லை. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பெட்டி பழுதானால், நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் காளவாசலிலோ பழங்காநத்தத்திலோ உள்ள எந்தப் பட்டறையும் அதைத் தொட முடியாது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் 240 இசட் கார்கள் உலகின் பல ஊர்களில் ஓடுகின்றன. இன்றைய கார்கள் 2070-இல் ஓடுமா என்பது அந்தப் பெட்டிக்கு மாற்று கிடைப்பதைப் பொறுத்தது.

பழைய காரைக் குறையே இல்லாததாக நான் காட்ட முற்படவில்லை. ஏர்பேக் இல்லை, பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை, பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்தான். இன்றைய புகைக் கட்டுப்பாட்டில் அது ஒரு நாளும் தேறாது. துருவோ சொல்லி மாளாது: பேட்டரி வைக்கும் தட்டின் அடியிலும் தரைத்தகட்டிலும் அரித்துப்போய், டிங்கரிங் செலவு காரின் விலையை நெருங்கிய வண்டிகளை மஸ்கட்டின் கடற்காற்றில் நிறையவே பார்த்திருக்கிறேன். புதிய கார்களில் கூடிய எடையின் ஒரு பகுதி உயிர் காக்கும் கட்டமைப்புக்கானது. அந்தப் பங்கை நான் குறை சொல்ல மாட்டேன். மதுரை – திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் நடக்கும் விபத்துகளைப் பார்க்கும் எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஜிஆர் 86-இலும் ஏர்பேக்குகளும் ஏபிஎஸ்ஸும் இருக்கின்றன. அது நிஸானைவிட முந்நூறு கிலோ குறைவாகவே நிற்கிறது. எனவே எடை முழுவதையும் பாதுகாப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அகலத்தைப் பற்றியும் ஒரு சொல். 240 இசட்டின் அகலம் 1,630 மில்லிமீட்டர். புதிய நிஸானின் அகலம் 1,845. நம் பகுதிக்குப் பொருத்திச் சொன்னால், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைச் சாலையில் எதிரே பேருந்து வரும்போது, இந்த ஒரு சாண் அகலத்தில்தான் ஒதுங்க முடிவதும் முடியாததும் இருக்கிறது. 240 இசட் குறுகலான, மோசமான சாலைகளுக்கு ஏற்றது என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியே மெய்ப்பித்தது. 1971-இலும் 1973-இலும் சேற்றையும் புழுதியையும் கடந்து அது அங்கே வென்றது. 1973-இல் அதை ஓட்டி வென்ற சேகர் மேத்தா உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை அதே ராலியை வென்றவர். ஒரு தமிழ் நாளிதழ் இந்தக் காரைப் பற்றி முழுப்பக்கம் எழுதும்போது அவர் பெயர் ஒரு வரியிலாவது இடம்பெற்றிருக்க வேண்டும்.

நிஸான் இசட்டும் ஜிஆர் 86-உம் நம் நாட்டில் நிறுவன விற்பனையில் இல்லை. ஆயினும் என்னிடம் படித்த மாணவர்கள் உட்பட ஏராளமான இளைஞர்கள் இத்தகைய அட்டவணைகளைப் பார்த்தே கார்களை மதிப்பிடக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு எழுத நேர்ந்தது. அடுத்த வாரம் 1961-ஆம் ஆண்டு ஜாகுவார் ஈ-டைப்பையும் அதன் பிற்கால வாரிசான எஃப்-டைப்பையும் ஒப்பிடப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் எடை, அகலம், அக்கால விலையின் இன்றைய மதிப்பு ஆகிய கட்டங்களையும் சேர்க்க வேண்டுகிறேன். ஈ-டைப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 265 குதிரைத்திறனும் பழைய மொத்தக் கணக்கில் அளந்ததே என்பதைக் கட்டுரையாளர் கவனத்தில் கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
பழங்காநத்தம், மதுரை.