உப்புக்காத்துல மின்னூட்டம்

மச்சி,

இத்தனை நாளா எழுதாம இருந்ததுக்கு நல்லா திட்டிக்கோ. வீட்டுல எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

உன் டியூஷன் பசங்க கண்ணாடித் தண்டைப் பட்டுத்துணியால எவ்வளவு தேய்ச்சும் ஒரு காகிதத் துணுக்குகூட எழும்பலைன்னு தங்கச்சி போன்ல சொல்லுச்சு. "ஈரக்காத்து மின்சாரத்தைக் கடத்திடும், காசிமேட்டுல இதெல்லாம் வராது"ன்னு நீ மூட்டை கட்டிட்டியாமே! கேட்டுட்டு சும்மா இருக்க முடியல.

காத்து கடத்தல மச்சி. ஈரக்காத்தும் மின்சாரத்தை லேசுல கடத்தாது. குத்தம் பொருளோட மேல்பரப்புல. ஈரம் கண்ணுக்குத் தெரியாத படலமா அதுமேல படியுது, கடலோரத்துல உப்பும் சேருது. தேய்ச்சு வந்த மின்னூட்டம் அது வழியா உன் கைக்கே ஓடிடுது. கண்ணாடிதான் இதுல ரொம்ப மோசம், தண்ணி அதுமேல நல்லா பரவி ஒட்டும். புத்தகத்துல இருக்குன்னு அதையே பிடிச்சுத் தொங்காதே.

முக்கால் இஞ்ச் பிவிசி குழாய் ஒண்ணரை அடி வெட்டிக்கோ. சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு மிச்சமில்லாம அலசி, காயவை. தேய்க்கிற முனையை விரலால தொடாதே, வேர்வையும் உப்புத்தண்ணிதான். கம்பளித் துணி நல்லது, இல்லன்னா டிஷ்யூ பேப்பர். குழாய், துணி ரெண்டையும் ஹேர் டிரையர்ல சூடு காட்டு. அறையைக் காயவைக்க வேண்டாம், பொருள் காய்ஞ்சா போதும். தலையில தேய்ச்சுப் பார்க்கறதா இருந்தா எண்ணெய் வைக்காத தலையா தேடு. மே மாசம்னா மேற்குக்காத்து அடிக்கிற 11 மணி வாக்குல செய், கடல்காத்து நுழைஞ்சா ஈரம் ஏறிடும்.

பலம் காட்டித் தேய்க்கவும் வேண்டாம். ரெண்டு வேற பொருள் தொட்டுப் பிரியும்போதே எலக்ட்ரான் கைமாறிடும், தேய்ச்சா தொடுற இடம் கூடுது, அவ்வளவுதான். பிவிசி எலக்ட்ரானை வாங்கிக்கும், கம்பளி இழக்கும்.

அடுத்து, வோல்ட்டாங்கிற இத்தாலி விஞ்ஞானி 1775-ல உலகத்துக்குத் தெரியவச்ச எலக்ட்ரோபோரஸை, அதாவது ஒரு தடவை தேய்ச்சுட்டு மின்னூட்டத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிற கருவியை, செஞ்சு காட்டு, பசங்க விடமாட்டாங்க. பிவிசி தகட்டைக் கம்பளியால தேய். அதைவிடச் சின்ன அலுமினியத் தட்டுக்குப் பிளாஸ்டிக் கைப்பிடி ஒட்டி அதுமேல வை. விளிம்பு மழுங்கலா இருக்கணும், கூரா இருந்தா மின்னூட்டம் கசியும். தட்டை விரலால தொட்டு, விரலை எடுத்துட்டு, கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கு. டெஸ்டருக்குள்ள இருக்கிற நியான் பல்பை வெளிய எடுத்து, ஒரு முனையை விரல்ல பிடிச்சு மறுமுனையைத் தட்டுல வை, பளிச்சுன்னு மின்னும். எதிர்மின் பக்கம்தான் ஒளிரும். இங்க விரல் பக்கம் ஒளிரும், அப்ப தட்டு நேர்மின். மறுபடி தேய்க்காமலே வச்சு, தொட்டு, தூக்கிக்கிட்டே இருக்கலாம். ஆற்றல் உன் கை தூக்கற உழைப்புலருந்து வருது. இதை அவங்களே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திச் சொல்லிடாதே.

இன்னொண்ணு, இது விளையாட்டில்ல. மாமா படகுக்குப் பெட்ரோல் வாங்கும்போது பிளாஸ்டிக் கேனை ஸ்கூட்டர் மேலயே வச்சு நிரப்பறாராமே? நம்ம ஊர் ஈரம் அங்க காப்பாத்தாது. குழாய்ல ஓடற பெட்ரோலுக்குள்ளயே மின்னூட்டம் பிறக்குது. உடம்புல சுமார் 3000 வோல்ட் ஏறினாத்தான் பொறி லேசா உறைக்கும், அதுல ஏறக்குறைய அரை மில்லிஜூல் இருக்கும். பெட்ரோல் ஆவி பத்திக்க அதுல பாதி போதும். உலோகக் கேனைத் தரையில வச்சு, நாசிலைக் கேன் வாயில ஒட்டிப் பிடிச்சு, மெதுவா நிரப்பச் சொல்லு. ஸ்கூட்டர் மேல இருந்தா உலோகக் கேனும் ஆபத்துதான், மின்னூட்டம் இறங்க வழியிருக்காது.

இன்னிக்கே அவர்கிட்ட பேசு. நியான் மின்னுச்சான்னு எழுது.