கூட்டின் மேல் ஒட்டிய எண்ணிக்கையை நம்பலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கொல்லையில் நான்கைந்து முட்டைக் கோழிகள் வளர்க்க நினைப்போருக்காகத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இனத்தேர்வு, தீவனம், தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றி அதில் பயனுள்ள செய்திகள் இருந்தன. ஆனால் கூட்டைப் பற்றிச் சொல்லும்போது, கோழிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற கூடு ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும் என்பதோடு கட்டுரை அடுத்த செய்திக்குப் போய்விட்டது. புதிதாகக் கோழி வளர்க்க வருபவர்கள் முதலில் தவறுவது அந்த எண்ணிக்கையை நம்பித்தான். நானும் அப்படித் தவறியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் வாங்கிய கூடு பார்ப்பதற்கு அழகாக இருந்தது. சரிந்த கூரை, வண்ணம் பூசிய பலகை, ஏறுவதற்குச் சிறு ஏணி, எல்லாம் இருந்தன. ஆறு கோழிகளுக்கு ஏற்றது என்று அதன் மேல் அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். உள்ளே மூன்றடி நீளம், இரண்டடி அகலம். அதில் ஓரடி நீளத்தை முட்டையிடும் பெட்டிகள் எடுத்துக்கொண்டன. எஞ்சிய நான்கு சதுர அடியை ஆறால் வகுத்தால் கோழி ஒன்றுக்கு ஏறக்குறைய 620 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. நாம் அச்செடுக்கப் பயன்படுத்தும் ஏ4 தாளின் பரப்பும் ஏறக்குறைய அதுதான். தொழில்முறைப் பண்ணைகளில் கோழிகளை வெற்றுக் கம்பிக் கூண்டுகளில் அடைத்து வைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2012 தொடக்கத்திலிருந்து தடை செய்துவிட்டது. தடைக்குப் பிறகும் அங்கே அனுமதிக்கப்படுகிற, சற்று வசதி கூட்டிய கூண்டுகளில்கூடக் கோழி ஒன்றுக்கு 750 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. கூண்டில் அடைபட்ட கோழியின் முட்டை வேண்டாம் என்று நினைத்துத்தான் பலரும் வீட்டில் கோழி வளர்க்கத் தொடங்குகிறோம். அப்படித் தொடங்கிய நான், பண்ணைக் கூண்டில் கிடைப்பதைவிடக் குறைவான இடத்தில் என் கோழிகளை அடைக்க இருந்தேன் என்பது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே விளங்கியது. நல்லவேளையாக நான் ஐந்து கோழிகள்தாம் வாங்கியிருந்தேன். ஐந்துமே அதற்கு அதிகம்.

நடுத்தர உடலமைப்புள்ள முட்டைக் கோழி ஒன்றுக்குக் கூட்டின் உள்ளே நான்கு சதுர அடியும், வெளியே வலையடித்த திறந்த பகுதியில் எட்டிலிருந்து பத்து சதுர அடியும் வேண்டும் என்பது கொல்லைக் கோழி வளர்ப்போர் பொதுவாகக் கொள்ளும் அளவு. பகல் முழுவதும் வெளியில் மேயும் கோழிக்கு உள்ளே சற்றுக் குறைந்தாலும் தாங்கும். நாளெல்லாம் அடைந்தே கிடக்கும் கோழிக்கு இந்த அளவும் போதாது. உள்ளிடத்தை அளக்கும்போது முட்டைப் பெட்டிகளைக் கழித்துவிட்டுத் தரையை மட்டும் அளக்க வேண்டும். பெட்டி, மேல்தளம், ஏணிக்கு அடியில் இருக்கும் சந்து என எல்லாவற்றையும் கூட்டித்தான் விற்பவர்கள் எண்ணிக்கை சொல்கிறார்கள்; சிலர் குட்டை இனக் கோழிகளை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள்.

இடம் குறைந்தால் கோழிகள் நெருக்கிக்கொண்டு இருந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. கோழிக் கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் விலகிப்போவது என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே இந்தக் கொத்தும் வரிசையை 1921ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார். வரிசையின் கடைசியில் இருக்கும் கோழி, மேலே இருப்பது கொத்த வரும்போது நாலடி தள்ளிப் போனால் சண்டை அத்தோடு முடிந்துவிடும். தள்ளிப் போக இடமில்லாவிட்டால் அது மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்க, மற்றவை அதன் முதுகிலும் வால் அடியிலும் இறகைப் பிடுங்கத் தொடங்கும். தோல் கிழிந்து இரத்தம் தெரிந்துவிட்டால் பிறகு நிறுத்துவது கடினம். என் வீட்டில் சாம்பல் நிற வெடைக்கோழி ஒன்று இரண்டே வாரத்தில் முதுகு வெறிச்சோடி நின்றது. அதற்கு நோய் என்று எண்ணி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டை மாற்றிய பின் மருந்தில்லாமலே இறகு முளைத்துவிட்டது.

இடத்திற்கு அடுத்தபடியாக, என் கருத்தில் இடத்தைவிட முக்கியமாக, பார்க்க வேண்டியது காற்று. கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் ஈர எச்சம் போடும். அதில் கணிசமான பகுதி இரவில், அது அடைந்திருக்கும் கட்டைக்கு நேர் கீழே விழுகிறது. எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. அதோடு கோழியின் மூச்சில் வெளியேறும் ஈரமும் சேர்கிறது. மூடிய கூட்டில் இவை இரண்டும் வெளியேற வழியில்லாமல் கோழியின் தலைமட்டத்தில் தங்கிவிடுகின்றன. காற்றில் பத்து இலட்சத்துக்கு 25 பங்குக்கு மேல் அம்மோனியா கூடாது என்பது கோழிப்பண்ணைகளுக்குச் சொல்லப்படும் பொதுவான வரம்பு. அதற்கு மேல் நாள்கணக்கில் சுவாசிக்கும் கோழிக்குக் கண் எரிந்து நீர் வடியும், மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளும் நுண்மயிர்கள் கெடும், பின்பு சாதாரணச் சளிக்கும் தாங்காது.

இதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. விடிவதற்கு முன், கூட்டைத் திறந்து காற்றாட விடுவதற்கு முன்பே, மண்டியிட்டுக் கோழிகள் அடைந்திருக்கும் உயரத்திற்கு உங்கள் முகத்தைக் கொண்டுபோய் ஒருமுறை மூச்சிழுத்துப் பாருங்கள். நான் அப்படிச் செய்த அன்று மூக்கு எரிந்து, கண்ணில் நீர் கட்டி, ஐந்து நொடிகூட அங்கே முகத்தை வைத்திருக்க முடியவில்லை. தலையை எடுக்கும்போது கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தில் வியர்த்தாற்போல் நீர்முத்துகள் கோத்து நின்றதையும், அவற்றில் ஒன்று என் கண்ணெதிரே ஒரு கோழியின் முதுகில் சொட்டியதையும் பார்த்தேன். நான் ஐந்து நொடி தாங்காத இடத்தில் அவை பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தன.

ஆகையால் கூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, கோழி அடையும் கட்டைக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் எப்போதும் திறந்திருக்கும் திறப்புகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சன்னல் இருக்கிறது என்று சொல்வார்கள். இரவில் அடைத்துவிடும் சன்னல் இதற்கு உதவாது. குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்புகளையும் அடைப்பவர்கள் உண்டு. உலர்ந்திருக்கும் கோழி தன் இறகைச் சிலுப்பிக்கொண்டு குளிரை நன்றாகவே தாங்கும். ஈரம் படிந்த கோழியும், உடல்மட்டத்தில் நேரே வீசும் வாடைக்காற்றில் அடைந்திருக்கும் கோழியும்தான் நோயில் விழுகின்றன. திறப்பு தலைக்கு மேலே இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. வெப்பமான இடங்களில் ஒரு பக்கம் முழுவதையும் வலையாகவே விட்டுவிடலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. கொண்டை, தாடி வழியாகவும் வாயைத் திறந்து இளைப்பதன் மூலமாகவும்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்த தகரக் கூரையின் கீழ் அடைத்த கோழிக்கு அதற்கும் வழியில்லை.

அடையும் கட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்ததும் கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடி ஏறும். என் பழைய கூட்டில் கட்டையும் முட்டைப் பெட்டியும் ஒரே உயரத்தில் இருந்தன. கட்டையின் நீளமோ இரண்டடிதான். கோழி ஒன்றுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வேண்டும் என்று கணக்கிட்டால் அதில் மூன்றுக்கே இடம். மற்ற இரண்டும் முட்டைப் பெட்டிக்குள் படுத்து இரவெல்லாம் எச்சமிட்டன; காலையில் எடுத்த முட்டை எல்லாம் அழுக்கு. கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் கனத்த இனங்கள் மிக உயரத்திலிருந்து குதித்தால் காலும் நெஞ்செலும்பும் அடிபடும் என்பதால் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டடிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள, விளிம்பு மழுக்கிய மரச்சட்டமே காலுக்கு ஏற்றது. வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் பிடிமானம் தராது. முட்டைப் பெட்டி நான்கு கோழிகளுக்கு ஒன்று போதும். எத்தனை வைத்தாலும் எல்லாக் கோழிகளும் ஒரே பெட்டிக்குத்தான் போட்டி போடும்.

வலையைப் பற்றி எழுதும்போது இன்னும் எனக்கு மனம் பதைக்கிறது. கடைகளில் கோழி வலை என்று விற்கப்படும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் அதைக் கடித்துக் கிழிக்கும், கீரி போன்றவை கண்ணின் வழியே முன்னங்காலை நுழைக்கும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. எது வந்தாலும் எழுந்து ஓடாமல் அடைந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் காலை என் கூட்டின் கதவு மூடியபடியே இருந்தது, தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது, உள்ளே வலையை ஒட்டி ஒரு கோழி இறந்து கிடந்தது. அதன் கழுத்து இறகுகள் வலைக்கு வெளியே ஒரு கைப்பிடி அளவு சிதறியிருந்தன. வந்த பிராணி எதுவென்று நான் பார்க்கவில்லை. அதன் கால் நுழையும் அளவுக்குக் கண்ணுள்ள வலையை வாங்கிப் பொருத்தியவன் நான்.

இப்போது, கம்பிகளை ஒன்றோடொன்று பற்றவைத்துச் (வெல்டிங்) செய்த, அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பி வலையைத் திருகாணியும் வட்டத் தகடும் வைத்து இறுக்கியிருக்கிறேன். ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டிய வலையைப் பலமாக இழுத்தால் கையோடு வந்துவிடும். காற்றுத் திறப்புகளுக்கும் இதே வலைதான். தோண்டி நுழையும் பிராணிகளுக்காக, சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றிலிருந்து ஒன்றரை அடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படிய விரித்து மண் மூடியிருக்கிறேன். தோண்டும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். அங்கே கால் வலையில் முட்டியதும் விட்டுவிடும். தாழ்ப்பாள், தூக்கித் திருப்பினால்தான் திறக்கும் வகையாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது எவரும் சோதிக்காத ஒன்று, கூட்டின் எல்லா மூலைக்கும் நம் கை எட்டுகிறதா என்பது. எட்டாத மூலையை நாம் கூட்டப்போவதில்லை. தரை பலகையாகவோ சிமென்டாகவோ இருந்து, அதன்மேல் நெல் உமியோ மரச்சீவலோ மூன்று, நான்கு அங்குலம் பரப்பியிருந்தால் எச்சத்தின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கம்பித் தரையில் எச்சம் தானே கீழே விழுந்துவிடும் என்று சொல்லி விற்பார்கள். அதில் நாள்முழுதும் நிற்கும் கோழிக்கு உள்ளங்காலில் காயம்பட்டு, அதன் வழியே கிருமி ஏறிச் சீழ்க்கட்டி உண்டாகும். மரக்கூட்டின் இடுக்குகளில், குறிப்பாகக் கட்டையின் இரு முனைகளும் சுவரில் செருகியிருக்கும் பொந்துகளில், பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் சிவப்பு உண்ணி குடியேறும். வெப்பக் காலத்தில் ஒரு வாரத்திலேயே ஒரு தலைமுறை பெருகிவிடும் இந்த உண்ணி, உணவில்லாமலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். இருட்டிய பின் வெள்ளைத் துணி ஒன்றால் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் இரத்தக் கோடு விழுந்தால் உண்ணி இருக்கிறது. கட்டையைக் கழற்றி எடுக்கக்கூடிய கூடானால் பொந்தைச் சுத்தம் செய்வது சில நிமிட வேலை. ஆணி அடித்து நிலையாகப் பொருத்தியதானால் கூட்டையே பிரிக்க வேண்டும்.

வண்ணம், சக்கரம், கூரையின் வடிவம் ஆகியவை அவரவர் விருப்பம். அவற்றுக்காகச் செலவழிக்கும் பணத்தில் வலையைத் தடித்ததாக வாங்கலாம் என்பது என் எண்ணம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழில் இனி கோழிக்கூடுகளைப் பற்றி எழுதும்போதும் படம் வெளியிடும்போதும், எத்தனை கோழிகளுக்கானது என்ற எண்ணிக்கையை விட்டுவிட்டு, முட்டைப் பெட்டி நீங்கலான உள்தரையின் பரப்பு, அடையும் கட்டையின் நீளமும் உயரமும், தலைக்கு மேலுள்ள நிலையான காற்றுத் திறப்பின் அளவு, வலைக்கண்ணின் அளவு ஆகிய நான்கையும் குறிப்பிட வேண்டுகிறேன். கூடு செய்து விற்பவர்களும் இந்த அளவுகளைக் கூட்டின் மேல் அச்சிட வேண்டும். என் ஆறு கோழிக் கூட்டின் மேல் அவை எழுதியிருந்தால், ஒரு அளவுநாடாவை வைத்து அன்றே கணக்குப் பார்த்து, அதை வாங்காமல் திரும்பியிருப்பேன்.

இப்படிக்கு,
கொல்லையில் கோழி வளர்க்கும் வாசகர் ஒருவர்