கறையான் கணக்கும் நம் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவநிலை மாற்றத்துக்கு மனிதனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, கறையானும் மாடும்கூட வாயுவை வெளியிடத்தானே செய்கின்றன என்னும் பேச்சு எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் அடிக்கடி எழுகிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஒன்றான மீத்தேன் உலகில் வெளியாவதில் 1 முதல் 3 விழுக்காடு வரை கறையான்களிடமிருந்து வருவதாக மதிப்பிடப்படுகிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் காற்றில் ஆக்சிஜனைச் சேர்த்து, பூமியின் போக்கையே மாற்றியிருக்கின்றன. மாட்டை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நாம் பாலுக்கும் இறைச்சிக்கும் பெருக்கிய மந்தையின் வாயு நம் கணக்கில்தான் வரவேண்டும்.

பட்டுப்போன பால்மரத்தை (ரப்பர் மரத்தை) கறையான் தின்னும்போது வெளியாகும் கரியமில வாயு, அந்த மரம் சில பத்தாண்டுகளுக்குள் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. அடுத்து வளரும் மரம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நாமோ கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் தோண்டி எரிக்கிறோம். கடைசிப் பனியுகம் முடிந்தபோது, காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 80 பங்கு கூடுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 பங்காக இருந்த அதே வாயு, ஒரு மனிதரின் ஆயுளுக்குள் 420-ஐத் தாண்டிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள ஹவாய்வரை போகவேண்டியதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், இந்தக் கடலோரப் பகுதியில், 'தானா கம்புட்' எனப்படும் சதுப்பு மண், நீரில் மூழ்கி மட்காத இலையும் வேரும் மரமுமாகச் சில ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது. கால்வாய் வெட்டி நீரை வடித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டதும், காற்றுப்பட்ட மண் மட்கி, அதில் அடைந்திருந்த கரிமம் கரியமில வாயுவாகப் போகிறது. நிலம் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் தாழ்கிறது. பிடிமானம் இழந்த செம்பனைகள் சாய்ந்து நிற்கின்றன. வறட்சியில் அதில் தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. இந்த மண்ணில் நட்ட செம்பனைக்குக் கறையான் பெரும் எதிரி என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அதற்கு மருந்தடிக்கிறோம், மண்ணையே கரைத்துக்கொண்டிருக்கும் கால்வாயை யாரும் பூச்சியாக எண்ணுவதில்லை.

சதுப்பு மண்ணில் இனிப் புதிதாகச் செம்பனை நடுவதில்லை என்று 2019-இல் அரசாங்கம் அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆனால், ஏற்கெனவே நட்ட நிலங்கள் ஒவ்வொன்றாக மறுநடவுக்கு வரும்போது என்ன செய்யப்போகிறோம்? கால்வாய்களில் தடுப்பு வைத்து நீர்மட்டத்தை உயர்த்தினால் மண் மட்கும் வேகம் குறையும். மிகவும் தாழ்ந்துவிட்ட நிலத்தை மறுபடியும் வடிப்பதைவிட, சதுப்புக் காட்டுக்கே விட்டுவிடலாம். அப்படி விடும் இடங்களில் வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு மாற்றுவழி என்ன என்பதையும் சேர்த்தே, தங்கள் நாளிதழ் தோட்ட நிர்வாகங்களிடமும் மாநில அரசிடமும் கேட்டு எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பணியாளர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.