லயன்ஸ் – வைக்கிங்ஸ்: ஞாயிறு இரவு கூடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி 5, ஞாயிறு இரவு 8.20 மணிக்கு நம் அமெரிக்கக் கால்பந்து அணியான டெட்ராய்ட் லயன்ஸ், சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டில் மினசோட்டா வைக்கிங்ஸை எதிர்கொள்கிறது. இந்தப் பருவத்தில் இரு அணிகளுக்கும் 14 வெற்றி, 2 தோல்வி. வென்றால் நம் பிரிவில் முதலிடம், ஒரு வார ஓய்வு, இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டங்கள் எல்லாம் சொந்த மண்ணில். தோற்றால் ஐந்தாமிடம்; பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) முதல் ஆட்டமே வெளியூரில்.

அக்டோபரில் வைக்கிங்ஸை 31-29 என்று வென்றோம். 15 விநாடி மிச்சமிருக்கையில் நம் உதையாளர் பேட்ஸ் 44 கெஜத்திலிருந்து உதைத்த மூன்று புள்ளி உதைதான் காப்பாற்றியது. தற்காப்பு வீரர் ஹட்சின்சன் கால் முறிந்து வெளியேறியதிலிருந்து தற்காப்பு மெலிந்தே வருகிறது; என் கவலை அது ஒன்றுதான். பந்தை வீசும் கோஃப், பந்தோடு ஓடும் கிப்ஸ் மேல் முழு நம்பிக்கை இருக்கிறது.

1. இரவு 7.30-க்குக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்துக்கு வந்துவிடுங்கள்.
2. வீட்டுக்கு ஒரு பண்டம். சாம்பார் சாதமும் காபியும் குழுச் செலவு.
3. மறுநாள் பள்ளி உண்டு. சிறு பிள்ளைகளை இடைவேளையில் வீட்டுக்கு அழைத்துச் செல்ல முன்வருபவர்கள் சொல்லுங்கள்.
4. நீலச் சட்டை கட்டாயம்.
5. எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதைச் சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் இங்கே எழுதுங்கள். இந்த முறை சூப்பர் பவுல் எட்டுமா என்ற உங்கள் கணிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.