பெட்ரோலா, மண்ணெண்ணெயா?

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. நீ புல்லட்டில் லடாக் போவதைப் படித்ததும் முதலில் பொறாமை, அப்புறம் உன் வயதை நினைத்துச் சிரிப்பு.

வழியில் சமைக்க என்னிடமிருந்து வாங்கிப் போகப் போகிற கேம்பிங் ஸ்டவ்வுக்குப் பெட்ரோலா, மண்ணெண்ணெயா என்று கேட்டிருந்தாய். போன வாரம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மச்சானுடைய காபித் தோட்டத்துக்குப் போனபோது, உனக்காகவே என் ஸ்டவ்வில் இரண்டையும் ஊற்றிப் பார்த்தேன்.

நம் அம்மாக்கள் பின் போட்டுக் குத்திக் குத்தி எரித்தார்களே, அந்தப் பம்ப் ஸ்டவ்வின் பேரன்தான் இதுவும். எண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி நிப்பிளின் ஊசித்துளை வழியே சீறினால்தான் நீலத் தீ வரும். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, பர்னரை முதலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். ஏற்காட்டில் அன்றைக்கு ஒரே மூடுபனி. நான் அவசரப்பட்டேன். போதாததற்கு, பெட்ரோல் நிப்பிளை மாற்ற மறந்துவிட்டேன். அதன் துளை பெரியது, மண்ணெண்ணெய்க்குச் சின்னது வேண்டும். மஞ்சள் தீ முழ உயரம் எழும்பி, தங்கையின் புதுப் பாத்திரம் கரிச்சட்டியாகிவிட்டது. அவள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நிப்பிளை மாற்றி, பர்னருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கிய பிறகு 'உஸ்'ஸென்ற அந்தப் பழைய சத்தம் வந்தது பார், காபி குடிக்காமலே மனசு நிறைந்துவிட்டது.

என்னைக் கேட்டால் மண்ணெண்ணெய்தான். லிட்டருக்குச் சூடு அதிகம், கொட்டினாலும் சட்டென்று பற்றாது. ஆனால் உனக்குப் பெட்ரோல்தான் சரி. வண்டி டேங்கிலேயே இருக்கிறது. மண்ணெண்ணெய்யைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். குளிரிலும் சீக்கிரம் ஆவியாகும். பியூட்டேன் கேஸ் டப்பாவை நம்பாதே, குளிர் 0 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஆவியாகவே மாட்டேன் என்னும்.

பெட்ரோலில் பயப்பட வேண்டியது அதன் ஆவிக்கு. காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் எங்கேயோ இருக்கிற நெருப்பைத் தொட்டுவிடும். சூடான ஸ்டவ்வில் மறுபடி ஊற்றாதே. மழை என்று கூடாரத்துக்குள்ளேயும் பற்ற வைக்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. சில ரப்பர் வாஷர்களுக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். அதனால் பாட்டிலில் வாரக்கணக்கில் வைக்காமல், தேவைக்கு மட்டும் டேங்கிலிருந்து எடு. வாஷர் இரண்டு கூடுதலாகப் போட்டுத் தருகிறேன்.

சோறு பற்றி யோசித்தாயா? லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். வழக்கமான நேரம் வைத்தால் அரிசி நறுக் நறுக் என்றுதான் இருக்கும். சின்னக் குக்கர் ஒன்று எடுத்துக்கொள்.

சண்டிகருக்கு வண்டியை ரயிலில் போடுவதானால் டேங்கைக் காலி செய்யச் சொல்வார்கள். ஸ்டவ் பாட்டிலையும் காலி செய்து, வாடை போகக் காய வைத்துக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டவ்வை வாங்கிக்கொள். மண்ணெண்ணெய் நிப்பிள் மட்டும் என்னிடமே இருக்கட்டும், தங்கையைச் சமாதானப்படுத்த ஒரு தரம் ஒழுங்காகக் காபி போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
மணி